பென்ஷன் நாள் டிபன்

செஞ்சி தாலுகா ஆபீஸ் வாசலில் மனு எழுதிப் பிழைப்பவன் நான். பெயர் கோதண்டராமன். ஒரு மேஜை, ஒரு மடக்கு நாற்காலி, வேப்ப மரத்து நிழல், இவ்வளவுதான் என் கம்பெனி. பட்டா மாற்றம், பாகப்பிரிவினை, வேலித் தகராறு என்று எது வந்தாலும் எழுதுவேன். மாதம் பிறந்தால் பென்ஷன்காரர்களுக்கு ரெவின்யூ ஸ்டாம்பு விற்பேன். அதனால் இந்தத் தாலுகாவில் எந்தக் கிழவர் இருக்கிறார், எவர் போய்விட்டார் என்பது முதல் வாரத்திலேயே எனக்குத் தெரிந்துவிடும். வராதவர் ஒன்று படுக்கையில் இருப்பார், இல்லையென்றால் போய்ச் சேர்ந்திருப்பார். பென்ஷன் வாங்க மறந்தவர் என்று ஒருவரை நான் இதுவரை பார்த்ததில்லை.

குந்துநாத நயினார் இதே ஆபீஸில் குமாஸ்தாவாக இருந்தவர். மேல்சித்தாமூர்க்காரர். எங்கள் பக்கத்துத் தமிழ்ச் சமணர்களை நயினார் என்றுதான் அழைப்போம். பொழுது சாய்ந்த பிறகு ஒரு பருக்கைகூட வாயில் வைக்கமாட்டார். வெங்காயம், பூண்டு, கிழங்கு எதுவும் ஆகாது. ஆனால் பக்கத்தில் இருப்பவன் தட்டில் வெங்காயம் கிடந்தால் முகம் சுளிக்கவும் மாட்டார். மனைவி ரத்னம் அவர் வேலையில் இருக்கும்போதே காலமாகிவிட்டார். பிள்ளை இல்லை. ஊரில் இருந்த நிலத்தைத் தம்பிகளுக்கு விட்டுக்கொடுத்துவிட்டு, செஞ்சியிலேயே கடைத்தெருவுக்குப் பின்னால் ஒரு சின்ன வீட்டில் வாடகைக்கு இருந்தார். எனக்குத்தான் பென்ஷன் வருகிறதே, நிலம் எதற்கு என்பது அவர் கணக்கு. அன்றைக்கு அந்தக் கணக்கில் யாரும் தப்புச் சொல்லியிருக்க முடியாது.

அவர் ஓய்வு பெற்றது அணா போய் நயா பைசா வந்த ஐம்பத்தேழாம் வருஷம். அப்போது அந்தப் பென்ஷன் ஒருவருக்குத் தாராளம். தினம் பேப்பர் வாங்கினார். தெருவில் இரண்டு பேர் அதைப் படிக்க வருவார்கள், காபி கொடுப்பார். கல்யாணப் பத்திரிகை வந்தால் கையில் மொய்க் கவரோடு போய் முன் வரிசையில் உட்காருவார்.

பென்ஷனைப் பற்றி ஒரு விஷயம் வெளியாட்களுக்குத் தெரியாது. ஒருவர் எந்த வருஷம் ஓய்வு பெற்றாரோ அந்த வருஷத்து விலைவாசிக்குத்தான் அவருக்குப் பணம் வரும். அதற்கப்புறம் அரிசி ஏறலாம், எண்ணெய் ஏறலாம், வீட்டுக்காரன் வாடகையை ஏற்றலாம். பென்ஷன் மட்டும் போட்ட இடத்திலேயே கிடக்கும். வேலையில் இருக்கிறவனுக்கு விலைவாசியைப் பார்த்துப் பஞ்சப்படி உண்டு. ஓய்வு பெற்றவனுக்கு விலைவாசி உண்டு, படி கிடையாது. எப்போதாவது மனம் இரங்கி ஒரு சிறு தொகையைக் கூட்டிக் கொடுத்தால், அதற்குத் தற்காலிக உயர்வு என்று பெயர் வைப்பார்கள். அரிசி விலையை யாரும் தற்காலிகம் என்று சொல்லி நான் கேட்டதில்லை.

அறுபத்திரண்டு, அறுபத்துமூன்று வாக்கில் நயினார் பேப்பரை நிறுத்தினார். பேப்பர் நின்றதும் அதைப் படிக்க வந்த இரண்டு பேரும் நின்றார்கள். பிறகு மொய் வைக்கக் கையில் இல்லாததால் கல்யாணங்களுக்குப் போவது நின்றது. போகாதவருக்குப் பத்திரிகை வைப்பதும் மெல்ல நின்றது. விலை ஏற ஏறச் சாமான்கள்தான் குறையும் என்று நாம் நினைக்கிறோம். அவருக்கு ஆட்கள் குறைந்தார்கள்.

கடைசியில் மிஞ்சியவர் கலியபெருமாள் ஒருவர்தான். வல்லத்துக்காரர். இதே ஆபீஸில் நயினாருக்குப் பக்கத்து மேஜையில், அவருக்குக் கீழே வேலை பார்த்தவர். நான்கு வருஷம் கழித்து ஓய்வு பெற்றார். அந்த இடைவெளியில் சர்க்கார் சம்பள விகிதத்தை மாற்றியமைத்தது. அதனால் கீழே இருந்தவருக்குக் கூடப் பென்ஷன், மேலே இருந்தவருக்குக் குறைந்த பென்ஷன் என்று ஆயிற்று. நயினார் அதற்காக வருத்தப்பட்டதில்லை. "அவன் பொறந்த நேரம் நல்லா இருக்குது" என்று சிரிப்பார்.

மாதம் ஒரு நாள், பென்ஷன் நாளில், இருவரும் சந்திப்பார்கள். தாலுகா ஆபீஸில் பணம் வாங்கியதும் பஸ் ஸ்டாண்டு எதிரே இருந்த அய்யர் ஓட்டலுக்குப் போவார்கள். ஆளுக்கொரு இட்லி செட்டு, ஒரு நெய் ரவா தோசை, ஒரு காபி. நயினாருக்கு மட்டும் சாம்பார் வேண்டாம், தேங்காய்ச் சட்னி போதும். ஒரு மாதம் இவர் பில் கொடுப்பார், மறுமாதம் அவர். மூலை மேஜையில் உட்கார்ந்தால் எழுந்திருக்க மத்தியானம் ஆகிவிடும். பழைய தாசில்தார்கள் அத்தனை பேரையும் வரிசையாகக் கூப்பிட்டு வைத்துக் கிழிப்பார்கள். சப்ளையர் இரண்டு தடவை மேஜையைத் துடைத்துக் காட்டியும் நகரமாட்டார்கள். நயினார் மாதம் முழுவதும் பேசாத பேச்சை அன்று ஒரு நாளில் பேசித் தீர்ப்பார்.

அறுபத்துநாலில் அரிசிக்குத் தட்டுப்பாடு வந்தது. அந்தச் சமயத்தில் ஒரு பென்ஷன் நாளில் பில் கொடுப்பது நயினாரின் முறை. வாடகை பாக்கி, பால் பாக்கி, மளிகைப் பாக்கி எல்லாம் அன்று வாங்கிய பணத்துக்காகக் காத்திருந்தன. ஓட்டல் வாசலில் கரும்பலகையில் விலைகளை அழித்துவிட்டுப் புதிதாக எழுதியிருந்தார்கள். நயினார் அதைப் பார்த்தபடி நின்றுவிட்டார்.

"வாங்க நயினாரே, பசி உயிரு போவுது" என்றார் கலியபெருமாள்.

"நீ போய் சாப்புடு பெருமாளு. நான் இனிமே வெளிய எங்கயும் சாப்புடறதில்லன்னு விரதம் எடுத்துக்கினேன்."

"இன்னா திடீர்னு? எத்தினி நாளைக்கு?"

"நாள் கணக்கெல்லாம் இல்ல. நான் இருக்கிற வரைக்கும்."

இங்கேதான் மனிதர் கெட்டார். நாலு மாதத்துக்கு என்று சொல்லியிருந்தால் நாலு மாதத்தில் தப்பித்திருக்கலாம். சமணர்களில் கெடு வைத்து விரதம் எடுப்பதும் உண்டு, ஆயுள் முழுக்க எடுப்பதும் உண்டு. கெடு சொன்னால், கெடு முடிந்த மாதம் மறுபடி பில் கொடுக்கவேண்டி வருமே என்ற பயத்தில் ஆயுளையே எழுதிக் கொடுத்துவிட்டார். இந்த முறையும் நீயே கொடு என்று கேட்பதற்கு வாய் வரவில்லை. தனக்குக் கீழே வேலை பார்த்தவனிடம் எப்படிக் கேட்பது?

கலியபெருமாள் இரண்டு கையையும் கூப்பிவிட்டார். "பெரிய மனசு நயினாரே உங்களுக்கு. நீங்க சாப்புடாத எடத்துல நான் மட்டும் குந்திக்கினு இன்னா பண்ணப் போறேன்?" என்று சொல்லிவிட்டு நின்றிருந்த வல்லம் பஸ்ஸில் ஏறிப் போய்விட்டார்.

நயினார் விளையாட்டுக்குக்கூடப் பொய் சொல்லாதவர். சொன்ன சொல்லைப் பொய்யாக விட்டுவைக்க மனம் ஒப்பவில்லை. வீட்டுக்குப் போய்க் குளித்து, அருகனை நினைத்து, சொன்னபடியே அந்த விரதத்தை ஏற்றுக்கொண்டார். பணத்துக்காகச் சொன்ன பொய் இப்படி உண்மையான விரதமாகிவிட்டது. இப்படி ஒரு காரியத்தைச் செய்ய எனக்குத் தெரிந்து அவர் ஒருவரால்தான் முடியும்.

தோசை போனால் என்ன, பேச்சு இருக்கும் என்று அவர் நம்பியிருந்தார். அதுதான் நடக்கவில்லை. அடுத்த மாதம் கலியபெருமாள் வந்தார், பணம் வாங்கினார், "உடம்ப பாத்துக்குங்க நயினாரே" என்றார், பத்தரை மணி பஸ்ஸைப் பிடிக்க ஓடினார். அதற்கடுத்த மாதமும் அப்படித்தான். இரண்டு ஆண்கள் சும்மா எதிரெதிரே உட்கார்ந்து பேசுவதற்கு நம் ஊரில் ஒரு காரணம் வேண்டியிருக்கிறது. அந்தத் தட்டுதான் காரணமாக இருந்தது என்று அவருக்கு அப்புறம்தான் புரிந்தது.

அதன் பிறகு பென்ஷன் நாளில் நயினார் என் மேஜைக்குப் பக்கத்தில் வந்து நிற்பார். "இங்க நெழலு நல்லா இருக்குது" என்பார். நானும் இரண்டு வார்த்தை பேசுவேன், அதற்குள் யாராவது மனு எழுத வந்துவிடுவார்கள். அவர் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போய்விடுவார். வீட்டில் பாத்திரத்தை எடுத்து வைக்கும்போது தானாகப் பேசிக்கொள்கிறார் என்று பக்கத்து வீட்டு சுந்தராம்பாள் என்னிடம் ஒரு நாள் கவலையோடு சொன்னாள். பாத்திரமும் அதிகம் இல்லை. ரத்னத்தம்மாள் வைத்துவிட்டுப் போன வெண்கலப் பாத்திரங்கள் ஒவ்வொன்றாகப் பாத்திரக்கடைக்குப் போய்க்கொண்டிருந்தன.

இப்படியே மூன்று வருஷம் ஓடியது. ஊர் ஊராகப் பென்ஷன்காரர்கள் மனுமேல் மனுவாகப் போட்டார்கள். நானே எத்தனையோ எழுதினேன். கடைசியில் பழைய பென்ஷன்காரர்களுக்கு ஒரு தற்காலிக உயர்வு வந்தது. சில மாதத்துப் பாக்கியும் சேர்த்து ஜனவரியில் பட்டுவாடா என்றார்கள். அந்தச் செய்தியை நயினாருக்கு நான்தான் முதலில் சொன்னேன். மனிதர் பணத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. "பெருமாளும் வருவான் இல்ல?" என்று கேட்டார்.

அவர் மனத்தில் ஒரு யோசனை இருந்தது. வெளியே சாப்பிடுவதில்லை என்பதுதானே விரதம்? வீடு வெளி இல்லையே. இத்தனை நாளாக நண்பனை வீட்டுக்கு அழைக்காததற்கு விரதம் காரணமில்லை, வீடு இருந்த நிலைதான் காரணம். இரண்டாவது தட்டே இல்லாத வீட்டுக்கு யாரை அழைப்பது? இப்போது பணம் வரப்போகிறது. கடையில் கடன் சொல்லி ரவையும் நெய்யும் முந்திரியும் வாங்கி வைத்தார். சுந்தராம்பாளிடம் ஒரு தட்டும் டம்ளரும் இரவல் வாங்கினார். வீட்டைக் கழுவினார். தெருவே வேடிக்கை பார்த்தது.

பென்ஷன் நாளில் கலியபெருமாள் வரிசையில் நின்றபோது நயினார் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "இன்னிக்கி நம்ம வூட்ல டிபன். பஸ்ஸு கிஸ்ஸுன்னு சொல்லக் கூடாது."

கலியபெருமாள் அவர் முகத்தைப் பார்த்தார். ஏதோ சொல்ல வந்தவர் அதை விழுங்கிக்கொண்டு, "சரி நயினாரே" என்றார்.

அன்று தாலுகாவில் இருந்த கிழவர் கிழவி அத்தனை பேரும் வந்துவிட்டார்கள். நடக்க முடியாதவர்கள் மாட்டு வண்டியில் வந்தார்கள். ஒவ்வொருவருக்கும் பாக்கியைக் கூட்டி, சரிபார்த்து, கையெழுத்தும் ரேகையும் வாங்கிக் கொடுக்கவேண்டும். யாரையும் குறை சொல்ல முடியாது, வேலை அவ்வளவு இருந்தது. வழக்கமாகக் காலையிலேயே முடிகிற பட்டுவாடா மத்தியானத்தைத் தாண்டியது. என் ஸ்டாம்பெல்லாம் தீர்ந்து தபாலாபீசுக்கு ஆள் அனுப்பினேன். நயினார் வரிசையில் நின்றபடி மேற்கே பார்த்துக்கொண்டிருந்தார். தை மாதத்துப் பொழுது, சீக்கிரம் சாயும். அதிலும் செஞ்சியில் மேற்கே ராஜகிரிக் கோட்டை நிற்கிறது, நேரத்துக்கு முன்பே சூரியனை விழுங்கிவிடும்.

இருவரும் பணத்தோடு வெளியே வந்தபோது மணி நாலரை. கலியபெருமாளுக்கு முழங்கால் வலி, மெல்லத்தான் நடந்தார். இனி நடந்ததை எனக்கு நயினாரே பிற்பாடு சொன்னார்.

வீட்டுக்குப் போனதும் தண்ணீரை வடிகட்டி எடுத்து, அடுப்பைப் பற்ற வைத்தார். சமைத்து வைத்ததை அவர் பரிமாறமாட்டார், எல்லாம் அப்போதே செய்யவேண்டும். விறகு ஈரம், புகைந்தது. ஊதி ஊதிக் கண் சிவந்தது. வெங்காயம் இல்லாத உப்புமா ஒரு பக்கம், கேசரி ஒரு பக்கம். நடுவில் இரண்டு முறை வாசலுக்கு வந்து மலையைப் பார்த்தார். கேசரியை இறக்கிவிட்டு மூன்றாவது முறை வந்தபோது மலைதான் இருந்தது. சூரியன் இல்லை.

ஒரு தட்டில் மட்டும் பரிமாறி நண்பர் முன்னால் வைத்தார்.

"உங்களுக்கு?"

"மலையில எறங்கிடுச்சு பெருமாளு."

"இன்னா நயினாரே இது! எங்க வல்லத்துல இன்னும் வெயிலு அடிக்கும். மலை மறைச்சிக்கினா பொழுது போயிடுச்சா?"

"நான் வல்லத்துல இல்லியே. செஞ்சியில இருக்கறவனுக்கு மலைதான் கணக்கு. நீ சாப்புடு, ஆறிடப் போவுது."

கலியபெருமாள் இரண்டு வாய் சாப்பிட்டார். மூன்றாவது வாய் போகவில்லை.

"நயினாரே, ஒண்ணு சொல்லணும். சொல்லாம போனா மனசு கேக்காது."

"எங்க போற?"

"வல்லத்து வூட்ட காலி பண்றோம். பெரியவன் நெய்வேலியில குவார்ட்டர்ஸ் வாங்கிட்டான். ரெண்டு எடத்துல ஒல வச்சா கட்டுப்படியாவல, எங்கூடயே வந்துடுப்பான்றான். பென்ஷனையும் அங்கயே மாத்தச் சொல்லி எழுதிக் குடுத்துட்டேன். இங்க வாங்கறது இதான் கடைசி. காலைல லாரி வருது."

நயினார் கரண்டியோடு நின்றார்.

"அதில்ல நான் சொல்ல வந்தது," என்றார் கலியபெருமாள். "அன்னிக்கி ஓட்டலு வாசல்ல விரதம்னு சொன்னீங்களே, எனக்கு உள்ளுக்குள்ள அப்பாடான்னு இருந்துது. அதுக்கு முந்தின மாசம் என் முறைக்கு, பேத்தி மருந்துக்கு வச்சிருந்த காசத்தான் எடுத்து பில்லு குடுத்தேன். வூட்ல எத்தினி வாயி! ஆனா உங்கள விட எனக்குப் பென்ஷன் ஜாஸ்தின்னு ஊருக்கே தெரியும். நான் எப்பிடி முடியலன்னு வாயத் தொறக்கறது? நீங்க சாமிக்காக வுட்டீங்க. நான் காசு மிச்சம்னு சந்தோசப்பட்டவன். உங்க மூஞ்சியப் பாக்கவே வெக்கமா இருந்துது. அதான் மூணு வருசமா பஸ்ஸு பஸ்ஸுன்னு ஓடுனேன்."

அப்போது தனக்கு அடக்க முடியாத கோபம் வந்தது என்றார் நயினார் என்னிடம். யார் மேல் என்று கேட்டேன். "தெரியல" என்றார்.

"நானும் காசுக்காகத்தான்யா சொன்னேன்" என்று கத்திவிட்டாராம். "அன்னிக்கி என் முறை. என்கிட்ட இல்ல. சாமியுமில்ல ஒண்ணுமில்ல."

கலியபெருமாளுக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. சிரித்துக்கொண்டே இருந்தவர் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"அப்ப ஆளுக்கொரு டம்ளர் தண்ணிய குடிச்சிட்டு அந்த வேப்ப மரத்துக் கீழயே குந்திக்கினு பேசியிருக்கலாமே நயினாரே."

"பேசியிருக்கலாம்."

"அந்த விரதத்த என்கிட்டதான சொன்னீங்க? நானே சொல்றேன், அது இன்னியோட முடிஞ்சிடுச்சு. இந்தப் பொழுது கணக்கையும் இன்னிக்கி ஒரு நாள் வுட்டுட்டு வாங்க, இப்பவாவது என்கூட குந்தி ரெண்டு வாயி சாப்புடுங்க."

நயினார் கேசரியைப் பார்த்தார். நண்பரைப் பார்த்தார். "அது பொய்யில பொறந்த விரதம் பெருமாளு, போனா போவுது. இது அப்பிடி இல்ல. ராத்திரி சாப்புடறதில்லன்றது எங்கம்மா ஊட்டுன சோத்தோட வந்தது" என்றார். கலியபெருமாள் அதற்குமேல் வற்புறுத்தவில்லை. தட்டில் இருந்ததை ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டார். கேசரியை இன்னொரு தரம் கேட்டு வாங்கினார். பசிக்காகச் சாப்பிடவில்லை என்று நயினாருக்குத் தெரிந்தது. எதிரே உட்கார்ந்து விசிறிக்கொண்டிருந்தார்.

ஏழு மணி பஸ்ஸில் ஏற்றிவிட்டார். ஜன்னல் வழியாகக் கலியபெருமாள் நெய்வேலி விலாசத்தைச் சொன்னார். பஸ் புறப்பட்ட சத்தத்தில் பாதிதான் கேட்டது. வீட்டுக்குத் திரும்பியதும் தன் பங்கு உப்புமாவையும் கேசரியையும் சுந்தராம்பாள் வீட்டில் கொடுத்தார். ராத்திரி தங்கிய உணவையும் அவர் சாப்பிடமாட்டார். தட்டையும் டம்ளரையும் கழுவித் திருப்பிக் கொடுத்துவிட்டுப் படுத்தார்.

அடுத்த மாதம் பென்ஷன் நாளில் நயினார் சீக்கிரமே வந்தார். கூட்டம் இல்லை, உயர்ந்த பணம் உடனே கைக்கு வந்துவிட்டது. அதற்குள் பால் விலையும் ஏறியிருந்தது என்றாலும், மாதத்துக்கு ஒரு ஓட்டல் டிபனுக்கு அதில் தாராளமாக இடம் இருந்தது. அவர் என் மேஜைப் பக்கம் வந்து நின்றபோதுதான் மேலே சொன்ன கதையை எனக்குச் சொன்னார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, எனக்கே பொறுக்காமல் போயிற்று.

"கலியபெருமாளே விரதம் முடிஞ்சிடுச்சுன்னு சொல்லிட்டாரு. கையில பணமும் இருக்குது. போய் நெய் ரவா தோசை ஒண்ணு சாப்ட்டு வாங்களேன் நயினாரே" என்றேன்.

அவர் ஓட்டல் இருக்கும் திசையைக்கூடப் பார்க்கவில்லை.

"விரதம் கெடக்குது கோதண்டம்," என்றார். "தனியா சாப்புடறதுக்கு ஓட்டலு எதுக்கு? அத வூட்லயே சாப்புடலாமே."